எசனிற் பிறந்து கொழும்பிற் பாடியவர்

ஈழநாட்டிற் பிறந்து, ஆங்கிலத்திற் கவிதை எழுதி, மேனாட்டார் மத்தியிற் பத்திராதிபராய் விளங்கியவர் யார் என்று கேட்டால், நம் ஆசிரியர்கள் தம்பிமுத்துவின் பெயரைத் தயங்காது கூறுவர். 1939ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் ‘பொயற்றி லண்டன்’ என்னும் சஞ்சிகையைத் தொடங்கி, யுத்தகாலத்து ஆங்கிலக் கவிஞர் பலருக்கு மேடை அமைத்துக் கொடுத்தவர் அவர். கிழக்கிலிருந்து மேற்குக்குச் சென்ற அந்தப் பயணத்தை நாம் பெருமையோடு பேசுகின்றோம். அதே 1939ஆம் ஆண்டிலே, பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி ஜெர்மனியை விட்டு இங்கிலாந்துக்குப் புறப்பட்டாள். அவளுடைய பயணம் இங்கிலாந்தோடு நிற்கவில்லை. கடல் பல கடந்து கொழும்பிலே வந்து முடிந்தது. ஈழத்தின் ஆங்கிலக் கவிஞர்களுள் முன்வரிசையில் வைத்தெண்ணப்படும் ஆன் ரணசிங்க அம்மையார் அவரேயாவார். நம்மவர் இவரைப் பற்றிப் பேசுவது அரிது. ஆயினும், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் வாழ்வோர்க்கு இவருடைய கவிதையோடு ஒரு தொடர்பு உண்டு. அத்தொடர்பு இனிமையானதன்று. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

ஜெர்மனியின் மேற்குப் பகுதியில், ரூர் ஆற்றுப் பள்ளத்தாக்கில், எசன் என்றொரு நகரம் உண்டு. நிலக்கரிக்கும் உருக்குக்கும் பேர்போன நகரம். பீரங்கி வார்த்த குருப் தொழிற்சாலைகள் அங்கேதான் இருந்தன. 1925ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 2ஆம் தேதி அந்நகரிலே யூதக் குடும்பம் ஒன்றில் இவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் அன்னெலீஸ் கட்ஸ். ஹிட்லர் அதிகாரத்துக்கு வந்தபோது பிள்ளைக்கு வயது ஏழு. பள்ளிக்கூடம் செல்லத் தொடங்கிய நாள் முதலாகத் தாம் பிறந்த மண் தம்மை வேண்டாம் என்று சொல்வதைக் கேட்டே அவர் வளர்ந்தார் எனலாம்.

எசன் நகரின் நடுவே 1913ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட யூதர் ஆலயம் ஒன்று நின்றது, இன்றும் நிற்கிறது. கல்லாற் கட்டிய பெரிய மாடம். ஜெர்மனியிலிருந்த யூதர் ஆலயங்களுள் மிகப் பெரியவற்றில் ஒன்று. 1938ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 9ஆம் தேதி இரவு நாடெங்கும் யூதர் ஆலயங்களுக்குத் தீ வைக்கப்பட்டபோது அதுவும் எரிந்தது. அன்னெலீஸ் அதனைத் தம் கண்ணாற் கண்டார். உள்ளே இருந்தவை யாவும் சாம்பலாயின. கற்சுவர்கள் மாத்திரம் எஞ்சின. பின்னர் மூண்ட யுத்தத்தில் நேசநாட்டு விமானங்கள் நகரின் நடுப்பகுதி முழுவதையும் தரைமட்டமாக்கியபோதும் அச்சுவர்கள் விழவில்லை. யுத்தம் முடிந்தபின் நகரசபையார் என்ன செய்தனர் தெரியுமா? 1961ஆம் ஆண்டில் அக்கட்டடத்தைக் கைத்தொழிற் பொருள்களின் கண்காட்சிச் சாலையாக்கினர். தொழும் இடத்திலே வீட்டுப் பாவனைப் பொருள்கள் அடுக்கப்பட்டன. 1980ஆம் ஆண்டில்தான் அது நினைவு மண்டபமாயிற்று. ஒரு சமூகத்தின் புத்தகக் களஞ்சியம் எரிந்ததையும், அது வெள்ளை பூசப்பட்டு மீண்டும் எழுந்ததையும் கண்ட யாழ்ப்பாணத்து மக்களுக்கு இந்தக் கதையில் விளக்கம் வேண்டுவதில்லை. 1981ஆம் ஆண்டு எரிந்த நம் பொது நூல்நிலையத்தில் ஏறக்குறைய 97,000 நூல்கள் இருந்தன. அதன் கதவுகள் மீண்டும் முழுமையாகத் திறக்கப்பட்டது 2003ஆம் ஆண்டிலேயே.

எரிந்த இரவுக்குப் பின் ஜெர்மன் அரசாங்கப் பாடசாலைகளின் கதவுகள் யூதப் பிள்ளைகளுக்கு அடைக்கப்பட்டன. கொலோன் நகரிலே ‘யாவ்னே’ என்னும் யூதர் பாடசாலை ஒன்று இருந்தது. அன்னெலீஸ் அங்கே பயின்றார். அப்பாடசாலையின் அதிபர் எரிக் கிளிபான்ஸ்கி என்பவரைப் பற்றி ஆசிரியத் தொழில் புரிவோர் அறிந்துவைத்தல் நன்று. பாடசாலையையே பெயர்த்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்விட வேண்டும் என்று அவர் முயன்றார். நூற்றுக்கு மேற்பட்ட மாணவரை வகுப்பு வகுப்பாக அனுப்பியும் வைத்தார். எஞ்சிய பிள்ளைகளை விட்டுச் செல்ல மனமின்றித் தாம் பின்தங்கிவிட்டார். 1942ஆம் ஆண்டு அவரும் அவருடைய மனைவியும் மக்களும் மின்ஸ்க் நகருக்கு அருகே சுட்டுக் கொல்லப்பட்டனர்.

அன்னெலீஸ் புறப்பட்டது 1939ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில். இங்கிலாந்தின் தென்கரையில், டோர்செற் பகுதியில், அவருடைய உறவினரான அம்மையார் ஒருவர் இருந்தார். அவரிடமே பிள்ளை அனுப்பப்பட்டாள். பெற்றோர் பின்னே வருவதாக ஏற்பாடு. அந்தப் ‘பின்னே’ வரவேயில்லை. செப்டம்பர் மாதத்தில் யுத்தம் மூண்டது, வழி அடைபட்டது. 1941ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் எசன் நகர யூதர் பலர் போலந்திலுள்ள லொட்ஸ் நகரத்துச் சேரிக்கு ரயிலேற்றி அனுப்பப்பட்டனர். அவர்களுள் இவருடைய பெற்றோரும் இருந்தனர். அங்கே பசியோடும் நோயோடும் மூன்றாண்டு காலம் உயிரைப் பிடித்துவைத்திருந்த அவ்விருவரும், 1944ஆம் ஆண்டில் கெல்ம்னோ என்னும் கொலைக்களத்திலே மாண்டனர். நச்சுப்புகையைப் பூட்டிய மோட்டார் வண்டிகளில் மனிதரை ஏற்றிக் கொல்லும் முறை அங்கே கையாளப்பட்டது. அவ்விடத்தில் மடிந்தோர் ஒன்றரை இலட்சத்துக்கும் குறையார். இச்செய்தி மகளை எட்டியது யுத்தம் ஓய்ந்த பின்னரே. தந்தை, தாய் இருவருக்கும் கல்லறை கிடையாது. பிற்காலத்தில் தாம் எழுதிய கவிதையே அவர்களுக்கு வைத்த கல் என்னும் எண்ணம் இவருடைய நூல்களைப் படிப்போர்க்கு எழாமற் போகாது.

இங்கிலாந்து வாழ்க்கையை விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. பாடசாலைப் படிப்பை முடித்தார். இலண்டனிலே தாதித் தொழில் பயின்றார். குண்டு விழுந்த நகரத்தின் வைத்தியசாலைகளில் இராப்பகலாய் உழைத்த இளம் பெண்கள் பலருள் அவரும் ஒருவர். அங்கேதான் இலங்கையிலிருந்து மேற்படிப்புக்கு வந்திருந்த சிங்கள வைத்தியர் ஒருவரைச் சந்தித்தார். 1949ஆம் ஆண்டு விவாகம் நடந்தது. டாக்டர் ரணசிங்க அவர்கள் பிற்காலத்தில் கொழும்பிலே மகப்பேற்று வைத்தியத் துறைப் பேராசிரியராய் விளங்கியவர். கணவரோடு அம்மையார் 1950களின் தொடக்கத்தில் இலங்கைக்கு வந்து சேர்ந்தார்.

வந்த பெண்ணுக்கு இந்நாடு எப்படித் தோன்றியிருக்கும்! குளிர்நாட்டிலே பிறந்தவர், கொழும்பின் வெயில் அவருடைய கவிதையில் எப்போதும் ஒரு பகைவனாகவே நிற்கும். முதல் கவிதை நூலின் பெயரே மண்ணை உறிஞ்சி வறளச் செய்யும் சூரியனைக் குறிப்பது. உறவுமுறை, உணவு, வழிபாடு, பேச்சு எல்லாம் புதியன. பெரிய குடும்பம்; வளர்க்க வேண்டிய பிள்ளைகள் பலர். இலங்கைக்கு வந்து பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக அவர் இலக்கிய உலகிலே தலைகாட்டவில்லை. இதனை நம் இளம் எழுத்தாளர்கள் கவனிக்க வேண்டும். இருபது வயதிலே தொகுதி போட்டு, இருபத்தைந்து வயதிலே ஓய்ந்துபோகும் கவிஞர் கூட்டம் நம்மிடையே பெரிது. இவர் பிள்ளைகள் வளர்ந்தபின், நாற்பது வயதை அண்மிய காலத்தில், பத்திரிகைத் தொழிலிலே முறையாகப் பயின்று பட்டயம் பெற்றார்; அதன் பின்னரே பேனா எடுத்தார். 1971ஆம் ஆண்டில் அந்த முதல் நூல் வெளிவந்தபோது அவருக்கு வயது நாற்பத்தைந்து.

1956ஆம் ஆண்டிலே அவர் இலங்கைப் பிரசையானார். அந்த ஆண்டின் பெயரைக் கேட்டதும் தமிழர் எவர்க்கும் வேறொன்று நினைவுக்கு வரும். சிங்களம் மாத்திரமே அரச கரும மொழி என்னும் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறிய ஆண்டு அது. பிறந்த நாட்டின் பிரசாவுரிமையை இனத்தின் பெயரால் இழந்த ஒருவர், புதிய நாடு ஒன்றின் பிரசையாகும் அதே வேளையில், அந்நாடு தன் மக்களுள் ஒரு பகுதியினரைப் பார்த்து உங்கள் மொழிக்கு இங்கே இடமில்லை என்று கூறத் தொடங்கியது. இரண்டு ஆண்டு கழித்து, 1958ஆம் ஆண்டு மே மாதத்தில், கலவரம் வெடித்தது.

மொழி என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும். அம்மையாரின் தாய்மொழி ஜெர்மன். கோத்தேயும் ஹைனேயும் எழுதிய மொழி. கொலைக்களங்களிலே கட்டளை பிறந்த மொழியும் அதுவே. இந்த இக்கட்டு அவர் ஒருவருக்கே உரியதன்று. பெற்றோரை நாஜிகளுக்குப் பலிகொடுத்த பவுல் செலான், பாரிஸ் நகரில் வாழ்ந்துகொண்டு, கொன்றவர்களின் மொழியிலேயே கவிதை எழுதினார். அந்த மொழியை உடைத்து உடைத்து எழுதினார். சுவீடனுக்குத் தப்பிச் சென்ற நெல்லி சாக்ஸ் அம்மையாரும் ஜெர்மன் மொழியைக் கைவிடவில்லை. 1966ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். ஆன் ரணசிங்க எடுத்தது மற்றொரு வழி. தாய்மொழியுமல்லாத, கணவரின் மொழியுமல்லாத ஆங்கிலத்திலே தம் கவிதையை அமைத்தார். அவருடைய சொற்களிலே அலங்காரம் குறைவு. சாட்சி சொல்பவர் கூண்டிலே நின்று பேசுவது போல நிதானமாகப் பேசுவார். அந்த நிதானமே அவருடைய பலம். சிற்சில இடங்களில் அதுவே குறையுமாகும். செய்தி கவிதையை முந்திக்கொண்டு ஓடிவிடும் பாடல்களும் அவருடைய தொகுதிகளில் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை.

அவருடைய சிறந்த கவிதைகளுள் ஒன்று கொழும்பிலிருந்துகொண்டு ஔஷ்விற்சை நினைப்பது. மார்ச் மாதத்துக் கொழும்பு. மரங்களெல்லாம் தீப்பற்றியன போல வெயில். மனம் மெல்ல மெல்ல அந்த வெப்பத்திலிருந்து மற்றொரு தீக்குச் செல்கிறது. வாசகர்கள் சிலர் கேட்கக்கூடும்: பெற்றோர் மாண்டது கெல்ம்னோவில் அன்றோ, ஔஷ்விற்ஸ் எதற்கு என்று. அறுபது இலட்சம் யூதரின் மரணத்துக்கும் அந்த ஒரு பெயரே உலகத்தாருக்கு அடையாளமாகிவிட்டது. தம் இழப்பைத் தனி இழப்பாகக் கூறிக்கொள்ள அவர் விரும்பவில்லை என்று நான் கருதுகிறேன்.

மற்றொன்று, கயிறு திரிப்பவனைப் பற்றியது. அம்மையார் தம் வீட்டுத் தோட்டத்தில் அரலிய மரம் ஒன்றை நட்டிருந்தார். கொழும்பிலே பிரதமர் வாழும் மாளிகைக்குத் தமிழிலே அலரி மாளிகை என்று பெயர் வழங்குகிறதன்றோ, அந்த மரந்தான். அதன் கிளைகள் வளர்ந்து ஒழுங்கைப் பக்கமாகப் படர்கின்றன. பூத்துக் குலுங்கும் அந்த நிழலிலே நாள்தோறும் ஒருவன் வந்து அமர்ந்து கயிறு திரிக்கிறான். அவன் யாருக்கும் தீங்கு செய்யவில்லை. வழியாற் போவோர் அவனைக் கண்டும் காணாதவர் போற் போகின்றனர். பார்த்துக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு மாத்திரம் நெஞ்சிலே அச்சம் பிறக்கிறது. எப்போதோ எரிந்த மரத்தின் நாற்றம் மூக்கிலே ஏறுகிறது. மௌனமாய்ப் பல காலம் திரிக்கப்பட்ட வெறுப்பு எந்தக் கணத்திலே வெளியே பாயும் என்று அவர் கேட்கிறார். கேள்விக்கு விடை கவிதையிலே இல்லை.

இக்கவிதை 1983ஆம் ஆண்டுக்குப் பல்லாண்டு முந்தியது. அதை எழுதியபோது தமிழரை மனத்தில் வைத்து எழுதினார் என்று நாம் உரிமை கொண்டாடல் ஆகாது. கவிஞர் தீர்க்கதரிசி என்று புகழ்வதும் எளிது. ஆனால் அது உண்மைக்கு நியாயமன்று. வெறுப்பு எப்படி வளர்கிறது என்பதை எசன் நகரத்துத் தெருவிலே பிள்ளைப் பருவத்தில் கற்றவருக்கு, மற்றவர் அழகான நிழலைக் கண்ட இடத்திலே கயிறு கண்ணிற் பட்டது. அவ்வளவே.

இனித் திருநெல்வேலிக்கு வருவோம். 1983ஆம் ஆண்டு ஜூலை மாதம் 23ஆம் தேதி இரவு, பலாலி வீதியிலே, திருநெல்வேலியில், இராணுவ வாகனத் தொடரின் மீது விடுதலைப் புலிகள் நடத்திய தாக்குதலில் படைவீரர் பதின்மூவர் உயிரிழந்தனர். பதிலுக்கு இராணுவத்தினர் அயலிலே வெறியாட்டம் ஆடியதில் சுமார் ஐம்பது பொதுமக்கள் மாண்டனர். மறுநாள் மாலை கொழும்பிலே, பொரளை மயானத்தில் திரண்ட கூட்டத்திலிருந்து தீ புறப்பட்டது. ஒரு வாரம் வரை தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. வாக்காளர் இடாப்பைக் கையிலே வைத்துக்கொண்டு வீடு வீடாக வந்தனர். 25ஆம் தேதியும் 27ஆம் தேதியும் வெலிக்கடைச் சிறையிலே 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். அரசாங்கம் கூறிய மரண எண்ணிக்கை சில நூறு. தமிழர் தரப்பிலே கூறப்பட்டது 3,000 வரை.

இந்த ஒரு வாரத்தைக் கொழும்பிலிருந்து கண்டவர்களுள் அம்மையாரும் ஒருவர். வானம் இரண்டாவது முறையாக அவருக்கு முன்னாற் சிவந்தது. அவ்வாண்டையும் மாதத்தையுமே பெயராகக் கொண்டு அவர் எழுதிய கவிதை சிறியது. நாஜிகளைப் பற்றித் தாம் முன்னர் எண்ணியிருந்தவற்றை முதலிற் சொல்கிறார். கொன்றவர் யார், பார்த்திருந்தவர் யார், அடுத்த வீட்டார் எப்படி உறங்கினர் என்ற பழைய ஐயங்கள் அவை. நாற்பது ஆண்டுகளின் பின் மீண்டும் தீ. ஆனால் இம்முறை அவர் நிற்கும் இடம் வேறு. எரிக்கப்பட்ட வீட்டின் பிள்ளை அல்லர் அவர் இப்போது. எரித்தோரின் இனத்திலே வாழ்க்கைப்பட்டவர். இரத்த உறவில்லை, விவாக உறவு மாத்திரமே என்று சொல்லித் தப்பிக்கொள்ளலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. பாதிக்கப்பட்டவளும் தானே, குற்றம் சாட்டப்படுபவளும் தானே என்று ஒருசேர நிற்கிறார்.

இந்த ஒரு நிலைக்காகவே அவரை நாம் படிக்க வேண்டும் என்பது என் துணிபு. 1983ஐப் பற்றித் தமிழிலே எத்தனையோ கவிதைகள் எழுதப்பட்டுள்ளன. அவற்றிலே துயரம் உண்டு, சினம் உண்டு, சபதம் உண்டு. குற்றக்கூண்டிலே தானாக ஏறி நிற்கும் குரல் நம் மொழியிலே அரிது. அது இயல்பே, அடிபட்டவனை நோக்கி நீயும் குற்றவாளியா என்று எவரும் கேட்பதில்லை. ஆனால் 1990ஆம் ஆண்டு அக்டோபர் மாத இறுதியில், யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் விடுதலைப் புலிகளாலே வெளியேற்றப்பட்டபோது, வடமாகாணத்திலிருந்து எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் வீடிழந்து போனபோது, அடுத்த வீட்டாராய் நின்று பார்த்தவர்கள் நாம்தாமே. எந்தக் கணத்திலே என்று அம்மையார் கேட்ட கேள்வி ஐந்துசந்தியின் ஒழுங்கைகளுக்கும் பொருந்துவதே. இதனை எழுதுவது சில நண்பர்களுக்கு வருத்தம் தரும் என்பதை அறிவேன்.

ஐரோப்பாவில் நடந்ததையும் இங்கே நடந்ததையும் ஒரே தராசில் இட்டுப் பார்ப்பது பொருந்துமா என்று கேட்போரும் உண்டு. நியாயமான கேள்விதான். அங்கே ஓர் அரசாங்கம் தன் நிர்வாக யந்திரம் முழுவதையும் ஓரினத்தை அழிக்கவே பூட்டியது. ரயில் நேர அட்டவணை வரைக்கும் அதற்காகவே எழுதப்பட்டது. கொழும்பிலோ, ஆயிரக்கணக்கான தமிழரைத் தம் வீட்டு அறைகளிலே மறைத்துவைத்துக் காத்த சிங்களவர் பலர் இருந்தனர். அம்மையார் இவ்வேற்றுமைகளை அறியாதவர் அல்லர். அவர் ஒப்பிட்டது இறந்தோர் தொகையை அன்று. நேற்றுவரை சர்க்கரை கடன் வாங்கிய அயலவன் இன்று கண்ணை மூடிக்கொள்வது எப்படி என்பதையே அவர் ஒப்பிட்டார்.

அக்காலத்திலே மற்றொரு கவிதாயினியின் பெயரும் இவரோடு சேர்த்துப் பேசப்பட வேண்டியது. கண்டியைச் சேர்ந்த ஜீன் அரசநாயகம் அம்மையார் ஒல்லாந்தப் பறங்கியர் குலத்தவர். யாழ்ப்பாணத் தமிழர் ஒருவரை மணந்தவர். 1983இலே அவரும் குடும்பத்தினரும் அகதி முகாமிலே தங்க நேர்ந்தது. அந்த அனுபவத்திலிருந்து பிறந்த தொகுதி அடுத்த ஆண்டிலே வெளிவந்தது. விவாகத்தினால் ஒருவர் சிங்களவரோடும், மற்றவர் தமிழரோடும் இணைந்தவர். இருவரும் எழுதியது ஆங்கிலம். இருவருக்கும் வயது வித்தியாசம் ஆறே ஆண்டு. ஒரே வாரத்தை இரு வாசல்களிலிருந்து பார்த்த இவ்விரு பெண்களின் கவிதைகளையும் அருகருகே வைத்து ஆராய, நம் பல்கலைக்கழகத்து மாணவர் ஒருவர் முன்வந்தால் நல்லதோர் ஆய்வுரை கிடைக்கும். ஜீன் அரசநாயகம் 2019ஆம் ஆண்டிலே காலமானார்.

கவிதையோடு நின்றுவிடாமல் அம்மையார் ஒரு தொழிலும் பார்த்தார். சர்வதேச மன்னிப்புச் சபையின் தென்னாசிய வெளியீட்டுப் பிரிவு கொழும்பிலே இயங்கியபோது, 1980களின் முடிவுவரை அதன் பொறுப்பிலே இருந்து உழைத்தார். அது எத்தகைய காலம் என்பதை எண்ணிப் பாருங்கள். 1979ஆம் ஆண்டிலே பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. தடுப்புக்காவல், சித்திரவதை, காணாமற் போதல் என்னும் சொற்கள் பத்திரிகைத் தமிழிலே பழகிப்போன காலம் அது. அச்சபையின் பிரசுரங்கள் அரசாங்கத்தாருக்கு உவப்பளித்தவையல்ல. ஒரு பேராசிரியரின் இல்லத்தரசி அமைதியாகத் தேநீர் விருந்துகளிலே காலங்கழித்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிரார்.

1980களின் இறுதியில், தென்னிலங்கையின் ஆறுகளிலே இளைஞரின் பிணங்கள் மிதந்த அந்தக் கொடிய ஆண்டுகளில், ஆங்கிலத்தில் எழுதுவோர் கொழும்பிலே ஒரு கூட்டுறவுச் சங்கமாய் ஒன்றுகூடினர். அதனை நிறுவியோருள் அம்மையாரும் ஒருவர். சங்கத்தின் சஞ்சிகையாகிய ‘சனல்ஸ்’ என்பதற்கு ஆசிரியராயும் அவர் பணிபுரிந்தார். ஆங்கிலம் ஆளுவோரின் மொழியாயிருந்த காலம் போய், இரு தேசிய மொழிகளுக்கும் இடையே அநாதையாய் நின்ற காலம் அது. வெளியிடுவோர் இல்லை, வாசகர் சிலர். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் என எல்லாருடைய எழுத்தும் ஒரே அட்டைக்குள்ளே வந்து சேர அச்சஞ்சிகை இடமளித்தது. சிற்றிதழ் நடத்துவோர் படும் பாட்டை நம் எழுத்தாளர் அறிவர்: பிரதி கேட்டு அலைதல், அச்சகத்தாரோடு மல்லாடல், விற்காத கட்டுகளை வீட்டு மூலையிலே அடுக்கிவைத்தல். கவிஞருள் மிகப் பலர் தம் கவிதைக்கு மாத்திரமே உழைப்பர். பிறர் எழுத்தைத் திருத்தி அச்சேற்றும் வேலைக்கு வேறு வகை மனம் வேண்டும்.

அதே ஆண்டுகளில் திருநெல்வேலியிலே, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் அருகே, இளம் பெண்கள் சிலரும் இத்தகைய பணியைச் செய்தனர் என்பதையும் இங்கே குறிக்காமல் அப்பால் நகர முடியாது. 1986ஆம் ஆண்டிலே ‘சொல்லாத சேதிகள்’ என்னும் பெண் கவிஞர் தொகுதி வெளிவந்தது. பல்கலைக்கழக மாணவியான செல்வி ‘தோழி’ என்னும் சஞ்சிகையின் ஆசிரியராயிருந்தார். அவருடைய தோழி சிவரமணி, 1991ஆம் ஆண்டு மே மாதத்தில், தம் கவிதைகளைத் தீயிலிட்டுவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டார். அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் செல்வி விடுதலைப் புலிகளாலே பிடித்துச் செல்லப்பட்டார், திரும்பி வரவில்லை. அடுத்த ஆண்டு அனைத்துலக எழுத்தாளர் சங்கத்தாரின் விருது அவர் இல்லாத மேடையிலே அவருக்கு அளிக்கப்பட்டது. கொழும்பிலே ஒரு மூதாட்டியும் திருநெல்வேலியிலே ஓரிளம் பெண்ணும் ஏறக்குறைய ஒரே காலத்தில் இலக்கியச் சஞ்சிகை நடத்தினர். முன்னவர் தொண்ணூற்றொரு வயது வரை வாழ்ந்தார்.

எசன் நகரத்தோடு அம்மையாருக்கிருந்த வழக்கு பல்லாண்டு கழித்தே ஒருவாறு தீர்ந்தது. முதிய வயதிலே அவர் ஜெர்மனிக்குச் சென்றார். பாடசாலைப் பிள்ளைகள் முன்னும் சபைகளிலும் தம் கவிதைகளைப் படித்தார். கைவிட்ட தாய்மொழி அவரைத் தேடி வந்தது; அவருடைய கவிதைகள் ஜெர்மன் மொழியிலே பெயர்க்கப்பட்டு அச்சாயின. வாழ்வின் இறுதிக் காலத்தில் ஜெர்மன் சமஷ்டிக் குடியரசு தன் தகைமை விருதினை அவருக்கு அளித்துக் கௌரவித்தது. பிரசாவுரிமையைப் பறித்த நாடு பதக்கம் அணிவித்தது. அவர் அதனை மறுக்கவில்லை. மன்னித்தார் என்று சிலர் எழுதினர். மன்னிக்கும் அதிகாரம் இறந்தவர்க்கே உண்டு என்பது யூதர் மரபிலே வழங்கும் கருத்து. ஆகையால் அந்தச் சொல்லை நான் இங்கே வழங்கத் துணியேன்.

2016ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், கொழும்பிலே, அம்மையார் காலமானார். கவிதை, சிறுகதை, வானொலி நாடகம் என அவர் எழுதியவை பல நூல்களாக வெளிவந்துள்ளன. உயர்தர வகுப்பிலே ஆங்கிலம் பயிலும் மாணவர்கள் அவரைப் புதிதாகப் படிக்கத் தொடங்குவதாயின், 1983 ஜூலையைப் பற்றிய கவிதையை முதலில் எடுக்க வேண்டாம். கயிறு திரிப்பவனைப் பற்றிய கவிதையை முதலிற் படிக்கட்டும். சில நாள் சென்றபின் மற்றதை எடுக்கட்டும்.